பண்டிகை மாத்திரை

1

திங்கட்கிழமை என் வீட்டுக்காரர் முனிராஜுக்கு லீவு. இந்த ஊரில் ஒரு தமிழ் ஓட்டலில் அவர் பரோட்டா மாஸ்டர். அன்று சாயங்காலம் குளியலறைக்குப் போனவர் ஒரு மாத்திரை அட்டையோடு வந்தார். அதை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது யாருது?"

பச்சை அட்டை. சின்னச் சின்ன மாத்திரை. ஒவ்வொன்றுக்கும் மேலே கிழமை அச்சடித்திருந்தது. பாதி காலி.

எங்கள் மகள் கௌசல்யாவின் மாத்திரை. பதினேழு வயது. மாதாமாதம் வாந்தி எடுத்து, பள்ளிக்கூடம் போகாமல் சுருண்டு கிடந்தவள். போன குளிர்காலத்தில் அவளே டாக்டரிடம் போய் வாங்கி வந்தாள். அதற்கப்புறம் படுக்கவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"வயித்து வலி மாத்திரைங்க," என்றேன்.

அவர் போனை நீட்டினார். இங்கிலீஷ் எழுத்துக்கு மேலே பிடித்தால் தமிழாக மாற்றிக் காட்டுமே, அதில் அட்டையைப் பிடித்திருக்கிறார்.

"படி."

நான் எட்டாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். வாய்வழி கருத்தடை மாத்திரை.

"இப்ப சொல்லு. யாருது?"

"என்னுதுங்க."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசிக்க நேரமில்லை. வாய் சொல்லிவிட்டது.

"உனக்கா? கௌசி பொறந்த வாரமே உனக்கு ஆபரேசன் பண்ணியாச்சே. அப்புறம் எதுக்கு?"

என்னுது என்றால் என் மேல் ஒரு கேள்வி. அவளுது என்றால் அவள் மேல் ஒரு கேள்வி. தட்டில் களி ஆறிக்கொண்டிருந்தது. சாம்பாரில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

மாடியிலிருந்து கௌசி இறங்கி வந்தாள். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள்.

"அது என்னுதுப்பா. பீரியட்ஸுக்கு. அம்மாகிட்ட எதுக்கு கத்தறீங்க?"

"நான் எங்கம்மா கத்துனன்?"

உண்மைதான். அவர் கத்தவில்லை. அவர் கத்துகிற ஆள் இல்லை. அவள் அட்டையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். இவர் கையைக் கழுவிவிட்டு வெளியே போய், மழையில் குப்பைத் தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். குப்பைத் தொட்டியை யாராவது துடைப்பார்களா?

2

நாங்கள் இங்கிலாந்துக்கு வந்து கௌசியின் வயதில் முக்கால்வாசி ஆகிறது. காரிமங்கலம் பக்கம் எங்கள் ஊர். இவர் அதியமான்கோட்டையில் ஹைவே ஓட்டலில் ராத்திரி முழுக்க பரோட்டா போட்டுக்கொண்டிருந்தவர். அங்கே சாப்பிட வந்த, இங்கே ஓட்டல் வைத்திருந்த ஒரு இலங்கைக்காரர் கூப்பிட்டார். வந்தோம்.

ஊரிலிருந்து படிக்கிறவர்கள் கேட்பீர்கள், இதையெல்லாம் எழுதுவார்களா என்று. எனக்கும் கூச்சம்தான். ஆனால் என் உடம்பைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு இரண்டு வருடமாக ரத்தம் நிற்கவில்லை. மாதத்தில் பாதி நாள் போகும். கட்டியாக வரும். ஒரு வாரம் விடும், மறுபடி ஆரம்பிக்கும்.

நான் சலவைக் கம்பெனியில் வேலை செய்கிறேன். ஓட்டல்களிலிருந்து படுக்கை விரிப்பு வண்டி வண்டியாக வரும். எல்லாம் வெள்ளை. துவைத்து வந்ததை நாங்கள் இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து மெஷினில் விட வேண்டும். நான் கையை எடுத்தால் எதிரில் இருக்கிறவளும் நிற்க வேண்டும். பாத்ரூம் போக வேண்டும் என்று எத்தனை தடவை சொல்வது? இரண்டு நாப்கின் சேர்த்து வைத்துக்கொள்வேன். கருப்புப் பேன்ட்தான் போடுவேன். ஆனாலும் மெஷின் ஓடும்போதெல்லாம் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். நான் தொட்ட வெள்ளையில் பட்டுவிட்டதோ என்று. வீட்டுக்கு வந்தாலும் ஒரு இடத்தில் உட்கார முடியாது. சோபாவில் உட்கார்ந்தால் எழுந்து சோபாவைப் பார்ப்பேன்.

படி ஏறினால் மூச்சு வாங்கியது. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது.

ராஜம்மா என் அக்கா. ஊரில் தக்காளி வைத்திருக்கிறாள். அவளிடம் மட்டும் சொன்னேன். போனிலேயே சிரித்தாள்.

"பேரே மாதம்மா. மாசத்த உட்டு எங்கடி போவ?"

"சிரிக்காத க்கா. முடியல."

"முடியலன்னா பையை எடுத்துடு. அத வெச்சிக்கிட்டு இன்னும் என்னாடி பண்ணப்போற? என்னப் பாரு. எடுத்தன், தீந்துது. ராணியாட்டம் இருக்கறன்."

எங்கள் பக்கம் கர்ப்பப்பை என்று யாரும் சொல்வதில்லை. பைதான். எங்கள் தெருவில் பை எடுக்காதவர்களைத்தான் தேட வேண்டும். ரத்தம் போனால் எடுப்பார்கள். வெள்ளை பட்டால் எடுப்பார்கள். அக்கா எடுத்தது முப்பத்தாறு வயதில்.

அவளே எல்லாம் பேசி முடித்தாள். மாரியம்மன் பண்டிகைக்கு நான் ஊருக்கு வர வேண்டும். பண்டிகை முடிந்த வாரம் தர்மபுரியில் ஒரு நர்சிங் ஹோமில் ஆபரேசன். டாக்டரம்மா அக்காவுக்குப் பழக்கமாம். இவரும் சரி என்றார். டிக்கெட் போட்டாயிற்று. கௌசி மட்டும் வரமாட்டேன் என்றாள். பரீட்சை இருக்கிறதாம். பரீட்சை முடிந்து பத்து நாள் கழித்துத்தான் பண்டிகை என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

3

அட்டை விஷயம் நடந்த மறுநாள் சமையல்கட்டில் நானும் கௌசியும்தான். கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"வயித்து வலிக்கு மட்டும்தான சாப்புடற?"

"ஆமாமா."

"வேற எதுக்கும் இல்லியே?"

"வேறதுக்கும்னா உங்கிட்ட சொல்லணுமா?"

"சொல்லணும்."

"அப்ப இப்படிக் கேக்காத. போலீஸ் மாதிரி கேக்கற."

வெங்காயம் உரித்தேன். அவள் போகவில்லை. குளிர்பெட்டி மேல் சாய்ந்து நின்றாள்.

"எதுக்கு உன்னுதுன்னு சொன்ன?"

"தெரியல."

"அப்பா நம்பியிருந்தா?"

"நம்பல இல்ல. உடு."

பேச்சை மாற்றுவதற்காக, ஊருக்குப் போவதற்கு முன்னால் பண்டிகை மாத்திரை வாங்க வேண்டும், இங்கே எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டேன்.

"பண்டிகை மாத்திரைன்னா?"

அவளுக்குத் தெரியாது. சொன்னேன். ஊரில் சாமி கும்பிடும் நாளில் தூரமாகிவிட்டால் கோயிலுக்குப் போக முடியாது. மாவிளக்கு எடுக்க முடியாது. வீட்டுக்குள் பொங்கல் பானையைத் தொட முடியாது. அதனால் பண்டிகைக்கு முன்னால் சந்தை நாளில் பெண்கள் காரிமங்கலம் போய் மருந்துக்கடையில் நிற்போம். ஆம்பிளைகள் கூட்டம் குறையட்டும் என்று சோப்பு விலை கேட்டுக்கொண்டு நிற்போம். அப்புறம், "அண்ணா, பண்டிகை மாத்திரை," என்போம். எத்தனை நாளைக்கு என்று அவர் கேட்கமாட்டார். நாங்கள் விரலைக் காட்டுவோம். அவர் பேப்பரில் மடித்துக் கொடுப்பார். பத்து வீட்டுக்கு ஒருத்தியே வாங்கி வருவதும் உண்டு. சாப்பிடுகிற வரை தள்ளிப்போகும். நிறுத்தினால் வரும். வரும்போது சேர்த்து வரும், ஒரு வாரம் எழுந்திருக்க முடியாது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பண்டிகைதான் முடிந்துவிட்டதே.

கௌசி போனில் எதையோ தேடினாள். படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மா, இதுவும் ஹார்மோன்தான். என் மாத்திரையில இருக்கற மாதிரி ஒண்ணுதான். நீங்க எல்லாரும் சாப்ட்டிருக்கீங்க."

"அது வேற. அது சாமிக்கு."

"சாமிக்காக நிறுத்தலாம். உனக்காக நிறுத்தக் கூடாதா?"

வெங்காயத்தை நறுக்கினேன். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

"டாக்டர்கிட்ட போமா. கேட்டுப் பாரு. இந்தியா போய் எடுக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ."

"நீ வரியா?"

"வரேன். ஆனா உள்ள வரமாட்டேன். என் முன்னாடி நீ எதையும் சரியா சொல்லமாட்ட."

4

இங்கே டாக்டரைப் பார்ப்பது பெரிய வேலை. காலை எட்டு மணிக்குப் போன் போட வேண்டும். எட்டாகி ஒரு நிமிடம் ஆனால் வரிசையில் இருபதாவது ஆள். பாட்டுப் போடுவார்கள். கேட்டுக்கொண்டே நான் பஸ் ஸ்டாப்புக்கு நடந்துவிடுவேன்.

எடுத்த பெண் என்ன பிரச்சினை என்று கேட்டாள். "பிளீடிங்," என்றேன். உடனே அவள் குரல் மாறியது. எங்கே இருக்கிறீர்கள், உட்காருங்கள், ஆம்புலன்ஸ் அனுப்பட்டுமா என்றாள். "நோ நோ, டூ இயர்ஸ்," என்றேன். பிறகு தேதி கொடுத்தாள். தமிழ் பேசுகிற ஆளைப் போனில் ஏற்பாடு செய்வதாகவும் சொன்னாள்.

கௌசி வெளியே உட்கார்ந்தாள். டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். மேசை மேல் போனை வைத்து ஸ்பீக்கரைப் போட்டார்.

"வணக்கம் அம்மா. நான் உங்களுக்கு மொழிபெயர்க்கிறன். என்ன பிரச்சினை எண்டு டொக்டர் கேக்கிறா."

இலங்கைத் தமிழ். சின்னப் பெண்ணின் குரல். முகம் தெரியாத பெண்ணிடம் வேறு எப்படிச் சொல்வது? ஊரில் சொல்கிற மாதிரியே சொன்னேன்.

"மாசத்துல பாதி நாளு நான் வூட்டுக்குத் தூரமுங்க."

அவள் அதை இங்கிலீஷில் சொன்னாள். டாக்டரம்மா தட்டச்சு செய்வதை நிறுத்தினார்.

"எவ்வளவு தூரம் எண்டு கேக்கிறா."

"ரொம்பத்தானுங்க. நிக்கறதே இல்ல."

"அப்ப ராவில எங்க படுக்கிறனீங்கள்?"

"வூட்டுலதான்."

"தூரம் எண்டு சொன்னீங்கள்?"

"தூரம்னாலும் இங்க எங்கிங்க தனியா படுக்கறது? ஊர்லன்னா வெளிய படுத்துக்குவோம். இங்க குளிரு."

அந்தப் பெண் இதையும் அப்படியே சொல்லிவிட்டாள். டாக்டரம்மா நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். மெதுவாகப் பேசினார். போனில் இருந்த குரலும் மெதுவாக வந்தது.

"அம்மா, வீட்டில ஆராவது உங்கள வெளியில போகச் சொல்லுறவையோ? கணவர் அடிக்கிறவரோ? இங்க நீங்கள் பயமில்லாமக் கதைக்கலாம். ஒருத்தருக்கும் சொல்லமாட்டினம்."

"அவரா? அவரு பரோட்டா மாவைத் தவிர எதையும் அடிச்சதில்லைங்க."

இதை அவள் இங்கிலீஷில் சொல்லவில்லை.

"அம்மா, நான் ஒண்டு கேக்கட்டே? துடக்கையோ நீங்கள் சொல்லுறியள்?"

"அப்படின்னா என்னாங்க?"

"மாதவிடாய்."

"அதேதானுங்க."

அவள்தான் முதலில் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும், அதாவது என்னையும் போனையும், மாறி மாறிப் பார்த்தார். அவள் விளக்கிச் சொன்ன பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவரும் சிரித்தார். ஆனால் உடனே நிறுத்திவிட்டு, இரண்டு வருடமாகவா என்று கேட்டார். இந்த முறை கேட்ட விதம் வேறு.

ரத்தம் எடுத்தார்கள். வேறொரு நாள் ஸ்கேன் பார்த்தார்கள். கெட்டது எதுவும் இல்லை. ரத்தம் மட்டும் ரொம்பக் குறைவு. அதற்கு மாத்திரை கொடுத்தார்கள்.

மறுபடி போனபோதும் போனில் அதே பெண் வந்தாள். டாக்டரம்மா மேசை டிராயரைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் சாமானைக் காட்டினார். தீக்குச்சி நீளம் இருக்கும். இங்கிலீஷ் எழுத்து டி மாதிரி. அடியில் இரண்டு நூல்.

"இதக் கருப்பைக்குள்ள வைக்கிறது. கருத்தடை வளையம். இதில ஹோர்மோன் இருக்கு."

"எனக்கு ஆபரேசன் ஆயிடுச்சுங்க. எனக்கு எதுக்குக் கருத்தடை?"

"கருத்தடைக்கு இல்ல அம்மா. ரத்தம் குறையத்தான். அதே சாமான்தான், உங்களுக்கு வேற வேலைக்கு."

டாக்டரம்மா தாளில் பையைப் படம் போட்டார். உள்பக்கம் கோடு கோடாகப் போட்டார். அதுதான் மாதாமாதம் தடிமனாகி, உதிர்ந்து ரத்தமாக வருகிறதாம். இந்தச் சாமான் உள்ளே இருந்துகொண்டு கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விடும். தடிமன் ஆகாது. அதனால் ரத்தம் குறையும். சிலருக்கு நின்றே போகும். சில வருடம் இருக்கும், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். முதலில் சில மாதம் திட்டுத்திட்டாகப் படும், பொறுக்க வேண்டும். மாத்திரையும் உண்டு. என் வயதுக்கும் நான் சொன்னதற்கும் இதுதான் முதலில் பார்க்க வேண்டியது என்றார்.

"பையை எடுக்கறதுன்னு ஊர்ல பேசி வெச்சிருக்கறமுங்க," என்றேன்.

அந்தப் பெண் அதைச் சொன்னாள். டாக்டரம்மா என்னைப் பார்த்தே பதில் சொன்னார்.

"எடுக்கலாம். சிலருக்கு எடுக்கத்தான் வேணும். ஆனா அது கடைசி. எடுத்ததத் திரும்ப வைக்க ஏலாது எண்டு சொல்லுறா."

5

வீட்டுக்காரரிடம் சொல்ல நாலு நாள் ஆயிற்று. அவர் வருவது நடுராத்திரி, அவர் எழுந்திருப்பதற்குள் நான் வேலைக்குப் போய்விடுவேன். மறு திங்கட்கிழமை அவர் சப்பாத்திக்கு மாவு பிசையும்போது சொன்னேன்.

"ஆபரேசன் பண்ணவளுக்கு வளையமா?" என்றார். கை நிற்கவில்லை.

"கருத்தடைக்கு இல்லைங்க. ரத்தத்துக்கு."

"அது உனக்குத் தெரியும். ஊருக்கு?"

"ஊருக்கு எதுக்குச் சொல்லணும்?"

"ஆபரேசனுக்கு ஏன் வரலன்னு உங்கக்கா கேக்கும். உங்கக்கா கேட்டா தெருவே கேக்கும். வெளிநாட்டுக்குப் போயி என்னாத்துக்குடி வளையம் வெச்சிக்கிட்டா, புருசன் ராத்திரில வூட்டுல இல்ல பாருன்னு சொல்லுவாங்க. பையை எடுத்தா நேரா சொல்லலாம். ஆப்பிள் வாங்கிக்கிட்டு வந்து பாத்துட்டுப் போவாங்க. இத எப்படிச் சொல்றது?"

அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. பேசியது பொய்யும் இல்லை. எங்கள் தெருவில் அப்படித்தான் பேசுவார்கள். நானே வேறொருத்தியைப் பற்றிப் பேசியிருப்பேன்.

"ஆப்பிளுக்காக எடுத்துக்கறதாங்க?" என்றேன்.

அவர் மாவை உருட்டினார். உருட்டியதையே மறுபடி பிசைந்து மறுபடி உருட்டினார். கௌசி கதவருகில் நின்றுகொண்டிருந்தது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

"ப்பா, என்னுத நீங்க ஒண்ணும் சொல்லல. அம்மாவுத மட்டும் ஏன்?"

"உன்னையும்தான் சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"சொல்லுங்க."

"நீ வாந்தி எடுத்து வாசப்படியில கெடந்தப்ப நான்தான தூக்கினன்? அத நெனச்சா வாய் வரல."

அவள் வந்து ஒரு உருண்டையை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். அவளுக்குத் தேய்க்கத் தெரியாது. சப்பாத்தி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிற்று. அவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அவள் கையில் கட்டையைச் சரியாகப் பிடிக்க வைத்தார்.

படுக்கப் போகும்போது என்னைக் கேட்டார். "வைக்கறப்ப வலிக்குமா?"

"கொஞ்சம் வலிக்குமாம்."

"திங்கக்கிழமையா பாத்து வாங்கு. நான் வரன்."

6

வலித்தது. கொஞ்சம் என்று சொன்னது கொஞ்சம் இல்லை. பிரசவ வலியின் ஒரு துண்டை வெட்டி வைத்த மாதிரி. ஆனால் சீக்கிரம் முடிந்துவிட்டது. வெளியே வந்தால், அவர் பெண்களுக்கு நடுவில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சுவரில் எல்லாம் பெண் உடம்பின் உள்பக்கப் படம். அந்தப் படத்தைப் பார்த்தவர் யாரும் தலையைத் தூக்கமாட்டார்கள். காரில், "சரியாப் போச்சா?" என்றார். "ஆச்சு," என்றேன். ஒரு கடையில் நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்தார்.

உடனே நல்லதாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். மூன்று மாதம் தினமும் கொஞ்சம் கொஞ்சம் பட்டது. எப்போது வரும், எப்போது நிற்கும் என்று தெரியாமல் முன்னைவிட அதிகமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். வீணாக வைத்துக்கொண்டோமோ என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். மார்பு கனத்தது. ஒரு நாள் எடுத்துவிடச் சொல்லலாம் என்று போன் வரிசையில் நின்று, ஏழாவது ஆளாக வந்தபோது வைத்துவிட்டேன். எல்லாருக்கும் இது ஒத்துவரும் என்றும் சொல்லமாட்டேன். என்னோடு வேலை செய்கிற ஒருத்தி ஒத்துவராமல் எடுத்துவிட்டாளாம்.

எனக்குக் குறைந்தது. போன மாதம் வெறும் கறை. ஒரு நாள் மெஷின் பக்கத்தில் நிற்கும்போது பின்னால் பார்க்க மறந்துவிட்டேன் என்பது மத்தியானம்தான் ஞாபகம் வந்தது. படி ஏறினால் மேலே போய்த்தான் நிற்கிறேன்.

இத்தனை மாதமும் நான் அக்காவிடம் சொல்லவில்லை. டிக்கெட் நாள் நெருங்கிவிட்டது. பண்டிகைக்குப் போகிறேன், ஆபரேசனுக்கு இல்லை. இனியும் சொல்லாமல் இருக்க முடியாது. போன ஞாயிறு கூப்பிட்டேன். அவள் தோட்டத்தில் இருந்தாள். தக்காளிக் கூடை அடுக்கும் சத்தம் கேட்டது.

"டாக்டரம்மாகிட்ட நாள் குறிச்சாச்சுடி. வெள்ளிக்கிழம வேணாம்னு சொல்லிட்டன். சனிக்கிழம."

"க்கா, எனக்கு வேணாம். இங்கயே ஒண்ணு வெச்சிக்கிட்டன்."

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். சாமான் எப்படி இருக்கும், எங்கே வைப்பது, என்ன செய்யும், எல்லாம். கருத்தடைக்கு வைக்கிறதுதான், ஆனால் எனக்கு ரத்தத்துக்கு என்றும் சொன்னேன். தெரு என்ன பேசும் என்று அவள் ஆரம்பிப்பாள் என்று காத்திருந்தேன்.

"நான் அந்தம்மாகிட்ட சொல்லி வெச்சிட்டனேடி. என் மூஞ்சிய எங்க வெச்சிக்கிறது?" என்றாள். கோபம்தான். ஆனால் பாதியில் நின்றுவிட்டது. "கத்தி இல்லாமயா வெச்சாங்க?"

"கத்தி இல்ல. மயக்கமும் இல்ல. நடந்து வந்துட்டன்."

"எவ்வளவு நாளா இருக்குது அந்தச் சாமான்? இப்ப புதுசா வந்ததா?"

கௌசி பக்கத்தில் இருந்தாள். அவளைக் கேட்டேன். ரொம்ப வருடமாக இருக்கிறது, இந்தியாவிலும் இருக்கிறது என்றாள். அக்காவிடம் அதைச் சொல்வதா வேண்டாமா என்று தெரியவில்லை. சொன்னேன்.

"எங்கிட்ட யாரும் சொல்லலியே."

"நீ கேட்டியா க்கா?"

"என்னான்னு கேக்கறது? ரத்தம் போவுதுன்னு போனன். ஸ்கேன் எடுத்தாங்க. பை கெட்டுப் போச்சு, உட்டா புத்துநோய் ஆயிடும்னாங்க. உங்க மாமா கையெழுத்துப் போட்டாரு. கண்ணு முழிச்சா வயித்துல தையல். அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்."

"ராணியாட்டம் இருக்கறன்னு சொன்னியே."

"பின்ன என்னாடி சொல்றது? எடுத்ததுக்கு அப்புறம் அழுவறதா? அந்த வருசமே உடம்பெல்லாம் கொதிச்சுது. மார்கழில வாசல்ல படுப்பன். இடுப்பு போச்சு. கூடைய மத்தவங்க தூக்கி வெக்கறாங்க. தூரமில்ல, தீட்டில்ல, எந்தக் கோயிலுக்கும் போலாம்னு எல்லாரும் சொன்னாங்க. போனன்."

எனக்கும் அவளுக்கும் ஒரே உடம்பு, ஒரே வியாதி. அவள் ஏறிய பஸ் காரிமங்கலத்திலிருந்து தர்மபுரிக்குப் போயிற்று. என் பஸ் வேறொரு டாக்டரிடம் போயிற்று. அதற்கு மேல் நான் எதையும் சாதிக்கவில்லை.

தக்காளி ஏற்றும் வண்டி ஹாரன் அடித்தது. "இரு வரன்," என்று யாரிடமோ கத்தினாள். பிறகு போனுக்கு நெருக்கமாக வந்தாள்.

"மாதம்மா."

"சொல்லு க்கா."

"உள்ள இருக்கறது தெரியுதா உனக்கு?"

"தெரியல க்கா."

"எனக்கு இல்லாதது தெரியுது."

வண்டி மறுபடி ஹாரன் அடித்தது. இந்தத் தடவை அவள் பதில் சொல்லவில்லை.